ரோஜாவை இரண்டாவது சீசனுக்குப் பூக்க வைப்பது எப்படி? மருந்து அடிக்காமல், படிப்படியாக

ஏப்ரல், மே மாதங்களில் பூத்துத் தள்ளிய ரோஜாச் செடி, ஜூன் மழை பிடித்ததும் இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து, பாதி உதிர்ந்து, பார்க்கவே பாவமாக நிற்கும். நீலகிரியில் ரோஜா வளர்க்கும் எல்லோருக்கும் இது தெரிந்ததுதான். இனி அடுத்த வருஷம்தான் என்று நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். செப்டம்பர், அக்டோபரில், ஊட்டியில் இரண்டாவது சீசன் என்று சொல்வோமே, அப்போது அதே செடி மறுபடி நன்றாகப் பூக்கும், இதமான குளிரில் பூ நிறமும் கூடுதலாக இருக்கும். அதற்குப் பூச்சிமருந்து எதுவும் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. தோட்டத்துக்கு வருகிற பூச்சிகளும் பறவைகளுமே அந்த வேலையைச் செய்யும், நாம் அவற்றுக்கு இடம் விட்டால் போதும்.

முதல் வேலை கவாத்து, அதாவது கிளைகளை அளவாக வெட்டிவிடுவது. எப்போது வெட்டுவது என்பது நீங்கள் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, அது அக்டோபரில் ஆரம்பித்துவிடும், அதனால் ஜூலை கடைசியிலேயே வெட்டிவிட்டால் மழைக்கு முன்னால் பூ பார்க்கலாம். கொடைக்கானலுக்கும் இதே கணக்கு சரிவரும். ஊட்டியில் தென்மேற்கு மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது வெட்டினால் வெட்டுவாயில் ஈரம் இறங்கித் தண்டு மேலிருந்து கருகிக்கொண்டே வரும், கொஞ்சம் பொறுத்து ஆகஸ்ட் நடுவில் மழை விட்ட நாளாகப் பார்த்து வெட்டுங்கள். வெட்டியதிலிருந்து பூக்க 6 முதல் 8 வாரம் ஆகும், குளிர் அதிகமான இடத்தில் இன்னும் சில நாள் கூடும்.

இந்தக் கவாத்து லேசானதுதான், செடியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். தண்டில் இலைக்காம்பு ஒட்டும் இடத்தைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள், கடுகளவில் சிவப்பாக ஒரு புடைப்பு இருக்கும். புதுத் துளிர் அங்கிருந்துதான் கிளம்பும். செடிக்கு வெளிப்புறம் பார்த்த புடைப்பாகத் தேர்ந்தெடுத்து, அதற்கு அரை சென்டிமீட்டர் மேலே, தண்ணீர் அதன்மேல் வழியாதபடி எதிர்ப்பக்கம் சாய்வாக வெட்டுங்கள். காய்ந்த குச்சி, ஒன்றோடொன்று உரசும் கிளை எல்லாம் போகட்டும். தண்டின் அடியில் ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழிருந்து ஒரு குச்சி வேகமாக மேலே வருகிறது என்றால் அது ஒட்டுக்குப் பயன்படுத்திய காட்டுச் செடி, விட்டால் நல்ல ரகத்தை அமுக்கிவிடும், அடியோடு பிய்த்து எடுங்கள்.

அப்புறம் தரை. கீழே கிடக்கும் கரும்புள்ளி இலைகளை ஒன்றுவிடாமல் பொறுக்குங்கள். அந்தப் பூஞ்சை உதிர்ந்த இலையில் இருந்துகொண்டு மழைத்துளி தெறிக்கும்போது புதுத் துளிருக்கு ஏறுகிறது, அதனால் அவை உரக்குழிக்கும் போகக்கூடாது. நம் மலை மண் புளிப்பு மண், தேயிலைக்கு அது பிடிக்கும், ரோஜாவுக்கு அவ்வளவு ஆகாது. புளிப்பைக் குறைக்கத் தேயிலைத் தோட்டத்துக்கு வாங்கும் டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூளே போதும், செடிக்கு ஒரு கைப்பிடி, தண்டில் படாமல் சுற்றித் தூவிக் கொத்திவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து மக்கிய சாணி உரம் போடுங்கள், இரண்டையும் சேர்த்துப் போட்டால் உரத்திலுள்ள தழைச்சத்து வீணாகக் காற்றில் போய்விடும்.

இனிமேல்தான் பொறுமை வேண்டிய கட்டம். துளிர் வந்ததுமே சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சியான அசுவினி வரும், பச்சையாக, மொட்டுக்காம்பு முழுக்க அப்பிக்கொண்டு. புதிதாக வளர்ப்பவர்கள் உடனே மருந்துக் கடைக்கு ஓடுவது இந்த இடத்தில்தான். ஓடாதீர்கள், இலையைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் நெட்டுக்குத்தாக நிறுத்திவைத்த மாதிரி ஒரு கொத்து முட்டை இருந்தால் அது பெரும்பாலும் பொறிவண்டுடையது. அதிலிருந்து வரும் புழு கறுப்பாக, முதுகில் ஆரஞ்சுப் புள்ளியோடு, கொஞ்சம் பயமுறுத்தும் தோற்றத்தில் இருக்கும், பொறிவண்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. ஏதோ கெட்ட புழு என்று தயவுசெய்து நசுக்கிவிடாதீர்கள், அசுவினியை அதிகம் தின்பதே அதுதான். தேனீ மாதிரிக் கோடு போட்ட சின்ன ஈ ஒன்று அந்தரத்தில் அப்படியே நிற்கும், அதன் புழுவுக்கும் அசுவினிதான் சாப்பாடு. மருந்து அடித்தால் இவை எல்லாம் செத்துப்போகும். தப்பிய அசுவினியோ இணை சேராமலே குட்டி போடும் இனம், சில நாளில் பழைய கூட்டம் திரும்பிவிடும், இந்த முறை அதைத் தின்ன ஆளே இருக்காது.

பொறிவண்டும் அந்த ஈயும் வந்து சேரும் வரைக்கும் என்ன செய்வது? விரலால் வழித்துவிடுங்கள், அல்லது தண்ணீரை வேகமாகப் பீச்சுங்கள். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள், அசுவினியிடமிருந்து வரும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதற்குக் காவல் நின்று பொறிவண்டைத் துரத்தும். காலையில் வெள்ளைக்கண்ணிக் கூட்டம் ஒன்று வந்து இறங்கினால், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட அந்தக் குட்டிப் பறவைகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு துளிர் துளிராகத் துழாவுவதைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை. பறவைகளுக்காக அகலமான தட்டில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் வையுங்கள், நடுவில் ஒரு கல் போடுங்கள், கொசு வராமல் இருக்க இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

இலை ஓரத்தில் அச்சு வைத்து வெட்டினாற்போல அரைவட்டங்கள் காணப்பட்டால் அது நோய் கிடையாது. இலைவெட்டித் தேனீ தன் கூட்டுக்குள் விரிக்க எடுத்துப்போயிருக்கிறது. செடிக்கு அதனால் ஒன்றும் ஆகாது, விட்டுவிடுங்கள்.

தேனீக்களுக்காக ஒரு செடியாவது ஒற்றை அடுக்கு ரோஜாவாக வையுங்கள். அடுக்கு நெருக்கமான பூக்களில் அவற்றால் மகரந்தம் வரைக்கும் போகவே முடியாது, போதாக்குறைக்குப் பனிமூட்டத்தில் அந்த மொட்டுகள் விரியாமல் ஒட்டி அழுகவும் செய்யும். நம் சோலை ஓரங்களில் வெள்ளையாகப் பூக்கும் காட்டு ரோஜாவும் ஒற்றை அடுக்குதான், ஆனால் காட்டிலிருந்து பிடுங்கி வராதீர்கள். ரோஜாவில் தேன் அநேகமாகக் கிடையாது, தேன்சிட்டு வரவேண்டும் என்றால் பக்கத்தில் சால்வியா வையுங்கள்.

பெரிய விருந்தாளிகளும் உண்டு. காட்டெருமை வரும் தெருவில் இருந்தால் செடிகளை வீட்டுச் சுவரை ஒட்டி வையுங்கள். உள்ளே வந்துவிட்டால் கிட்டே போகாமல், விரட்டாமல், வனத்துறைக்குச் சொல்லுங்கள். சமையல் கழிவைத் திறந்த குழியில் போட்டால் கரடியும் காட்டுப்பன்றியும் தேடி வரும், மூடிய தொட்டிதான் நல்லது.

பூ வாடியதும் கீழே ஐந்து சிற்றிலை உள்ள முதல் இலைக்கு மேலாக வெட்டிவிட்டால் அடுத்த மொட்டு வரும். அக்டோபர் கடைசியோடு அதை நிறுத்திக்கொள்ளுங்கள், தழைச்சத்து உரத்தையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் இளந்துளிர் வந்து டிசம்பர், ஜனவரி உறைபனியில் கருகிப்போகும். கடைசிப் பூக்களைச் செடியிலேயே விட்டால் ஒற்றை அடுக்கு ரகங்களில் சிவப்பாகக் காய் பிடிக்கும், அது பறவைகளுக்கு இருக்கட்டும். கோடை சீசனுக்கான பெரிய கவாத்துக்குக் கத்தரியைத் தீட்டி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், உறைபனி அடங்கியதும் அதைத் தொடங்கலாம்.