கலங்கிப்போன தேவதைச் சிறகு

ஆங்கிலப் புத்தக ஓவியர் ஆர்தர் ராக்கம் 1906இல் வரைந்த, லண்டன் கென்சிங்டன் தோட்டத்துத் தேவதைகளில் ஒன்றை, கை பழகுவதற்காகப் பார்த்து வரைய உட்கார்ந்தேன். உடம்பு சரியாக வந்தது. சிறகுதான் காலை வாரியது. கண்ணாடி மாதிரி இருக்க வேண்டியது, சேற்றில் விழுந்த தும்பிச் சிறகு மாதிரி ஆகிவிட்டது.

முதல் தப்பு மை. சாதாரண ஃபவுண்டன் பேனா மையில் கோடு போட்டிருந்தேன்; தண்ணீர் பட்டதும் கரைந்து நிறத்தோடு கலந்துவிட்டது. ராக்கம் இந்தியன் இங்க் என்ற கறுப்பு மையில் கோட்டை முடித்து, அதன்மேல் மெல்லிய வாட்டர்கலர் பூச்சுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றியவர். நீர்புகாத இந்தியன் இங்க் காய்ந்தால் கரையாது. நானும் அதற்கே மாறினேன்.

அப்புறம் என் அவசரம். அடிப்பூச்சு காய்வதற்குள் அடுத்த நிறத்தை வைத்தால் இரண்டும் குழம்பிவிடும். இப்போது புறங்கையால் தாளைத் தொட்டுப் பார்க்கிறேன். சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம். சரி, ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

வெள்ளைப் பெயிண்டைத் தொடவே இல்லை. ஒளி விழும் இடத்தில் தாளை அப்படியே விட்டேன். ஒரு ஓரம் மட்டும் இருண்டது. ஈரத் தூரிகையால் லேசாகத் தேய்த்து, டிஷ்யூவால் ஒற்றியதும் வெளுத்தது. மூன்றாவது பூச்சு முடிந்தபோது, கோட்டில் போட்டிருந்த கிளை சிறகு வழியே தெரிந்தது.