கோப்ரா நகல் கார்: காட்சி அரங்கிலிருந்து நம்பர் பிளேட் வரை தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் எந்தக் கிட் கார் (பாகங்களாக வாங்கி நாமே கட்டிக்கொள்ளும் கார்) காட்சிக்குப் போனாலும் கூட்டம் கோப்ரா நகல்களைச் சுற்றித்தான் நிற்கும். பக்கவாட்டில் ஓடும் புகைக்குழாயான சைடு பைப், உருண்டு திரண்ட பின் ஃபெண்டர், வி8 எஞ்சினின் உறுமல். இந்த மயக்கத்தில் அங்கேயே முன்பணம் கொடுத்துவிட்டு, பிறகு பாதியில் நின்றுபோன வண்டியை அடிமாட்டு விலைக்கு விற்பவர்கள் நிறைய. கண் பாடியின் மேல் இருக்கிறது. காசும் காலமும் கரைவதோ பாடிக்கு அடியில். ஆகவே இங்கே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை பெயின்ட்டுக்குக் கீழே இருப்பவை.

எந்தக் கோப்ரா என்று தெரியாமல் தொடங்குவது

கோப்ரா என்றால் ஒரே கார் இல்லை. சர்ரே மாவட்டம் தேம்ஸ் டிட்டனில் இருந்த ஏசி கார்ஸ் நிறுவனத்தின் ஏஸ் காரை எடுத்து, அமெரிக்கப் பந்தய ஓட்டுநர் கரோல் ஷெல்பி 1962இல் அதற்குள் ஃபோர்டு வி8 எஞ்சினை இறக்கினார். முதலில் 260 கன அங்குலம், அடுத்து 289. இவற்றுக்கு முன்னும் பின்னும் குறுக்கே போட்ட பட்டை ஸ்பிரிங், பாடியும் மெலிந்தது. 1965இல் வந்த 427க்கு சேஸிஸே வேறு: தடித்த குழாய்கள், காயில் ஸ்பிரிங், அகன்ற ஃபெண்டர். வீல்பேஸ் மட்டும் அதே 90 அங்குலம். இன்று விற்கும் நகல்களில் பெரும்பாலானவை 427 வடிவம். மெலிந்த 289 பாடியை வாங்கிவிட்டு 427க்குரிய அகலச் சக்கரங்களைத் திணித்தால் டயர் ஃபெண்டருக்கு வெளியே துருத்தும், சாலைக்கு வருவதற்கான ஒப்புதல் சோதனையில் தேறாது.

அசல் எது, நகல் எது என்ற விவாதத்திலும் சில தப்பான அளவுகோல்கள் சுற்றுகின்றன. காந்தம் வைத்துப் பார்ப்பது அதில் ஒன்று. அசல் பாடி அலுமினியம், நகல் ஃபைபர் கிளாஸ்; காந்தம் இரண்டிலுமே ஒட்டாது. வீல் ஆர்ச்சுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடி இழைப் பாய் தெரியும், அது போதும். ஆனால் அலுமினியம் என்பதாலேயே அசல் ஆகிவிடாது. அலுமினிய பாடியிலேயே நகல் செய்து கொடுப்பவர்கள் உண்டு. அதேபோல, 427 என்ற பெயரில் போன அசல் கார்கள் பலவற்றில் இருந்தது 428 எஞ்சின்தான். எஞ்சினைக் காட்டி 'இது போலி' என்று தீர்ப்புச் சொல்வது சரியல்ல. முடிவு சொல்வது சேஸிஸ் எண்ணும் அதன் ஆவணத் தொடர்ச்சியும் மட்டுமே. நகலை விற்பவர் விளம்பரத்தில் '1965 கோப்ரா' என்று போடுவது வாங்குபவரை ஏமாற்றுவது. நகல் என்று வெளிப்படையாக எழுதுவதே முறை.

காட்சி வண்டியைப் பார்த்து கிட்டை எடைபோடுவது

அரங்கில் பளபளக்கும் டெமோ கார், தொழில்முறைப் பெயின்டர் வாரக்கணக்கில் தேய்த்துத் தந்தது. உங்கள் வீட்டுக்கு வரப்போவது அச்சிலிருந்து எடுத்த வெறும் பாடி. அதையும் பெயின்ட் அடிக்காத சேஸிஸையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அரங்கின் டியூப் லைட் வெளிச்சம் பாடியின் பக்கவாட்டில் கோடாக விழும். அந்தக் கோட்டின் நுனியில் கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள். கோடு நெளிந்தால் அந்த இடத்தில் பாடி நெளிந்திருக்கிறது என்று பொருள்; அதைப் புட்டி போட்டு நேராக்குவது உங்கள் தலையில் விழும். பானட்டைத் தூக்கி உள்பக்கம் பாருங்கள். கதவை இரண்டு விரலால் சாத்திப் பாருங்கள். சேஸிஸில் வெல்டிங் தையல் ஒரே சீராக ஓடுகிறதா, சீட் பெல்ட் பிடிக்கும் இடங்களில் தகடு வைத்து வலுப்படுத்தியிருக்கிறார்களா என்று கவனியுங்கள்.

பிறகு உட்கார்ந்து பாருங்கள். வண்டி ஓட்டும்போது போடும் அதே ஷூவோடு உட்கார வேண்டும். கோப்ராவில் கால் வைக்கும் இடம் குறுகல். பெடல்கள் நடுவிலிருந்து ஒருபக்கம் தள்ளியிருக்கும். பிரேக்கை மிதிக்கும்போது ஆக்ஸிலரேட்டரும் சேர்ந்து அழுந்தினால் அந்த கிட் உங்களுக்கு ஆகாது. உயரமானவர்கள் கண்மட்டத்தையும் பார்க்க வேண்டும்: விண்ட்ஸ்கிரீனின் மேல்சட்டம் பார்வைக்கு நேர் குறுக்கே வந்தால் பிறகு சீட்டை இறக்க இடமிருக்காது.

விலைப்பட்டியலில் என்ன இல்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள். ரேடியேட்டர், பெட்ரோல் டேங்க், வயரிங், விண்ட்ஸ்கிரீன், சீட், சைடு பைப், சக்கரம், டயர், ஹூட் (மடிக்கும் துணிக்கூரை) ஆகியவை பல நேரம் தனிக்கணக்கு. பெயின்ட் கூலி யாருடைய பட்டியலிலும் வராது. ஆனால் செலவில் முன்வரிசையில் நிற்பது அதுதான்.

டோனர் காரில் கோட்டை விடுவது

டோனர் என்பது பாகங்களுக்காக உடைக்கும் பழைய கார். பிரிட்டிஷ் கோப்ரா நகல்களில் நீண்டகாலமாக அதிகம் பயன்படுவது ஜாக்குவார் எக்ஸ்ஜே6, எக்ஸ்ஜேஎஸ் கார்களின் சஸ்பென்ஷனும் டிஃபரன்ஷியலும் (எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி). உறுதியானவை, எளிதில் கிடைப்பவை. ஆனால் மூன்று இடங்களில் பலரும் தடுக்கி விழுகிறார்கள்.

முதலாவது பின் பிரேக். பழைய ஜாக்குவாரில் பின் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை. டிஃபரன்ஷியலை ஒட்டி உள்ளே இருக்கின்றன. ஹேண்ட்பிரேக்குக்குத் தனி காலிப்பர், தானே சரிசெய்துகொள்ளும் பல்சக்கர அமைப்போடு. அது துருப்பிடித்து இறுகிப்போவது வழக்கம். டிஸ்க்கின் சூட்டில் டிஃபரன்ஷியல் ஆயில் சீலும் காய்ந்து கசியும். கசிந்த எண்ணெய் நேராக டிஸ்க்கில் விழும். பாடியை ஏற்றிய பிறகு அங்கே கை நுழையாது. எனவே 'இப்போதைக்கு ஓடுகிறதே' என்று விடாமல், சீல், டிஸ்க், பேட், ஹேண்ட்பிரேக் காலிப்பர் எல்லாவற்றையும் அது மேஜைமேல் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது பல்விகிதம். எக்ஸ்ஜேஎஸ் வி12இல் இருந்து வந்த டிஃபரன்ஷியல் பெரும்பாலும் 2.88. ஓவர்டிரைவ் உள்ள 5 ஸ்பீடு கியர்பாக்ஸோடு இதைச் சேர்த்தால் 5ஆவது கியர் நெடுஞ்சாலையில்கூட எஞ்சினைத் திணறடிக்கும். 3.31 அல்லது 3.54 தேடுங்கள். விகிதம் டிஃபரன்ஷியலில் உள்ள தகட்டில் இருக்கும். தகடு இல்லையென்றால் பினியன் (எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் தண்டு) எத்தனை சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று வருகிறது என்று கையால் சுற்றி எண்ணலாம். அப்போது இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்ற வேண்டும்.

மூன்றாவது சக்கர போல்ட் வட்டம். ஜாக்குவார் 5 போல்ட், 4.75 அங்குலம், அதாவது 120.65 மி.மீ. பிஎம்டபிள்யூ சக்கரங்கள் 120 மி.மீ. வித்தியாசம் 0.65 மி.மீ.தான் என்பதால் சக்கரம் உள்ளே போய்விடும், நட்டும் ஏறிவிடும். ஆனால் நட்டின் கூம்பு தன் இருக்கையில் முழுதாக அமராது, ஸ்டட் ஒருபக்கமாக வளைந்து நிற்கும். ஓட ஓட நட் தளரும். 'பொருந்துகிறது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சக்கரத்தின் நடுவில் வரும் மூன்று காதுள்ள ஸ்பின்னர் நட் உண்மையாகவே சக்கரத்தைப் பிடிக்கும் வகை என்றால், காரின் இடப்பக்கத்துக்கு வலச்சுற்று மரை, வலப்பக்கத்துக்கு இடச்சுற்று மரை. ஹப்புகளை இடம் மாற்றிப் பூட்டினால் ஓட்டத்திலேயே நட் கழன்றுவரும்.

சஸ்பென்ஷனைத் தொங்கவிட்டு முறுக்குவது

வண்டி ஸ்டாண்டில் இருக்கிறது, சக்கரங்கள் தொங்குகின்றன, அப்படியே விஷ்போன் (சக்கரத்தைத் தாங்கும் V வடிவக் கை) போல்ட்டுகளை முழு டார்க்குக்கு, அதாவது முழு இறுக்க அளவுக்கு, முறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் புஷ் சுழல்வதில்லை. நடுக்குழாய் இறுக்கிப் பிடிபட்டிருக்க, ரப்பர் முறுகித்தான் அசைவைக் கொடுக்கிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நின்றதுமே ரப்பர் பாதி முறுகிய நிலைக்கு வந்துவிடும். வண்டி உயரமாக நிற்கும், சவாரி கடினமாக இருக்கும், புஷ் சீக்கிரம் கிழியும். முதலில் விரல் இறுக்கம் மட்டும். எஞ்சினும் பாடியும் ஏறி, ஓட்டுநர் சீட்டில் 75 கிலோ எடை வைத்து, வண்டியை முன்னும் பின்னும் உருட்டி அமரவிட்ட பிறகே கடைசி டார்க். நைலான் வளையம் வைத்த நைலாக் நட் ஒருமுறைக்குத்தான். ஒத்திகைக்குச் சாதா நட் போட்டுக்கொள்ளுங்கள்.

பிரேக்கில் இன்னொரு சிக்கல்: மாஸ்டர் சிலிண்டரும் காலிப்பரும் டோனரின் எடைக்காக அளவெடுத்தவை. நகல் அதைவிட இலகு, எடைப்பங்கீடும் வேறு. அப்படியே பூட்டினால் அழுத்திப் பிடிக்கும்போது பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், வால் சுழலும். முன்சக்கரம்தான் முதலில் பூட்ட வேண்டும். முன்பின் பிரேக் அழுத்தத்தைப் பங்கிடும் பயாஸ் வால்வு வைத்தால், சரியான அளவு கிடைத்ததும் யாரும் விரலால் திருப்ப முடியாதபடி அதைப் பூட்டிவிடுங்கள்.

ஃபைபர் கிளாஸை இரும்பாக நினைப்பது

அச்சிலிருந்து வந்த பாடியின் மேல் மெழுகு படிந்திருக்கும். அதைத் துடைக்காமல் உப்புத்தாள் போட்டால் மெழுகு கீறல்களுக்குள் இறங்கிவிடும். பெயின்ட் பிறகு மீன்கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகும். முதலில் மெழுகு நீக்கும் திரவம், இரண்டு சுத்தமான துணி, ஒன்றால் தடவி மற்றொன்றால் துடைப்பு. அதன் பிறகே தேய்ப்பு. புதுப் பாடிக்கு அவசரமாகப் பெயின்ட் அடிப்பதும் கூடாது. ரெசின் முழுதாக இறுகச் சில வாரங்கள் வெப்பமான இடத்தில், சேஸிஸ் மேலேயே பூட்டி வைத்திருங்கள். கதவு, பானட், பூட் இடைவெளிகளை வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போது சரிசெய்ய வேண்டும். தூக்கி வைத்துச் சரிசெய்த கதவு இறக்கியதும் உரசும்.

துளை போடும்போது ஜெல்கோட் (வெளிப்புற வழவழப்பான பூச்சு) பக்கத்திலிருந்து, மாஸ்கிங் டேப் ஒட்டி, துரப்பணத்தை மெதுவாக. துளை போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும், விளிம்பை லேசாகச் சரித்துவிடுங்கள், உள்ளே அகன்ற வாஷர் கொடுங்கள். போல்ட்டைச் சுற்றி நட்சத்திரம்போல் வெடிக்கும் கீறல்களுக்கு இவற்றில் ஒன்றைத் தவறவிட்டதே காரணமாக இருக்கும்.

எர்த் இல்லாத வண்டி

இரும்பு பாடியில் விளக்குக்கு ஒரு வயர் போதும். திரும்பும் மின்சாரம் பாடி வழியே போய்விடும். ஃபைபரில் அந்த வழி கிடையாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் வேண்டும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்குகிறது, இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கு சிமிட்டுகிறது என்றால் பல்பை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்; எர்த் இல்லாததால் மின்சாரம் பக்கத்து விளக்கு வழியே திரும்புகிறது. பின்பக்க விளக்குகள் அனைத்தின் எர்த்தையும் 2 சதுர மி.மீ. வயரில் சேர்த்து, பெயின்ட்டைச் சுரண்டிய சேஸிஸ் போல்ட்டில் கட்டுங்கள். ஃபேனுக்கும் பெட்ரோல் பம்புக்கும் தனித்தனி.

எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருப்பதால் சேஸிஸுக்கும் எஞ்சினுக்கும் தடித்த எர்த் பட்டை கட்டாயம். மறந்தால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகப் போகும். கேபிள் சூடேறி உறையோடு உருகி ஒட்டிக்கொள்ளும். த்ராட்டில் திறந்தபடி சிக்குவதைவிட ஆபத்தானது இல்லை.

பெட்ரோல் மீட்டர் தலைகீழாகக் காட்டினால் மீட்டரும் டேங்க் சென்டரும் (டேங்கின் பெட்ரோல் மட்டத்தை மீட்டருக்கு அனுப்பும் கருவி) ஜோடி இல்லை என்று அர்த்தம். அமெரிக்க சென்டர் காலியில் 240 ஓம், நிறைவில் சுமார் 33. ஐரோப்பிய வகை 10க்கும் 180க்கும் இடையில். டேங்கை மூடுவதற்கு முன் மல்டிமீட்டரால் அளந்துவிடுங்கள். பெட்ரோல் குழாய்க்கு ஆர்9 தரமே வாங்குங்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதா பெட்ரோல் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பரை அது வெடிக்கச் செய்கிறது.

ஐவிஏ சோதனையைக் கடைசியில் நினைப்பது

கட்டி முடித்த வண்டி சாலைக்கு வர ஐவிஏ, அதாவது தனி வாகனத்துக்கான ஒப்புதல் வேண்டும். கையேட்டை முதல் நாளே படிக்க வேண்டும், ஏனென்றால் கோப்ராவின் அழகான பாகங்கள் பலவும் அதில் மாட்டும். வெளியே 100 மி.மீ. பந்து தொடக்கூடிய விளிம்புகளுக்கு குறைந்தது 2.5 மி.மீ. வளைவு இருக்க வேண்டும். சைடு பைப்பின் நுனி, பூட் கைப்பிடி, கீல்கள், ஸ்பின்னரின் காதுகள், முன்பின் நட்ஜ் பார் (பம்பர் கம்பி) எல்லாம் இதில் வரும். டேஷ்போர்டில் நீட்டி நிற்கும் டாகிள் சுவிட்ச், ஸ்போக்கில் துளையிட்ட மர ஸ்டீயரிங் வீல் ஆகியவை உள்பக்கச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். பெட்ரோல் மூடி கழன்று தொலையாதபடி வண்டியோடு பிணைந்திருக்க வேண்டும். பிரேக் பைப்புக்கு சுமார் 30 செ.மீ.க்கு ஒரு கிளிப். சத்தம் 99 டெசிபலுக்குள். காலியான சைடு பைப்போடு இது நடக்காது. உள்ளே சைலன்சர் உறை உண்டா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

அதிகம் பேர் சறுக்குவது ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாததில். டயர் அகலமாக இருக்கும், கேஸ்டர் கோணமோ (முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) குறைவாக இருக்கும். மேல் விஷ்போனின் ஷிம்களை (மெல்லிய இடைத்தகடுகளை) மாற்றிக் கேஸ்டரைக் கூட்டினால் பெரும்பாலும் சரியாகும். சோதனைக்காக ரப்பர் விளிம்பு ஒட்டி, வந்ததும் பிய்த்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பக்கம் அது பெரிய தலைவலி. நிரந்தரமாகவே சரியான பாகம் போடுவது நல்லது.

ரசீதைத் தூக்கிப் போடுவது

முற்றிலும் புதுப் பாகங்கள், அதிகபட்சம் ஒன்று மட்டும் ரீகண்டிஷன் என்றால் பதிவின்போது அன்றைய ஆண்டைக் காட்டும் நம்பர் பிளேட் எண் கிடைக்கும். புது கிட் சேஸிஸோடு ஒரே டோனரின் இரண்டு முக்கியப் பாகங்கள் இருந்தால் டோனரின் வயதைக் காட்டும் எண். நிரூபிக்க முடியாவிட்டால் க்யூ பிளேட், அதாவது வயதோ அடையாளமோ உறுதியாகாத வண்டி என்று காட்டும் எண். விற்கும்போது விலையை அது இறக்கிவிடும். எஞ்சின் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்ற சான்றும் புகை வரம்பை நிர்ணயிக்கும். ஆகவே டோனரை உடைக்கும் முன் அதன் சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் படமெடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் படம், ஒவ்வொரு பாகத்துக்கும் பெயரும் தேதியும் போட்ட ரசீது. பதிவுக்கு வி627/1 படிவத்தோடு இவைதான் போகும். விதிகள் அவ்வப்போது மாறுவதால் பிரிட்டனின் வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏ வெளியிடும் நடப்புக் குறிப்பைச் சரிபாருங்கள்.

கட்டி முடித்த நகலை வாங்குபவர்களும் பதிவுப் புத்தகத்தைத்தான் முதலில் திறக்க வேண்டும். எதிரில் நிற்பது கோப்ரா வடிவம், புத்தகத்திலோ வெறும் 'ஃபோர்டு சியரா' அல்லது 'ஜாக்குவார் சலூன்' என்று இருந்தால், அந்த வண்டி ஒப்புதல் வழியாக வராமல் பழைய காரின் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைச் சரிசெய்ய முழு ஐவிஏவும் மறுபதிவும் தேவைப்படலாம். அந்தச் செலவும் வேலையும் விலையில் கழியாவிட்டால் பெயின்ட் எவ்வளவு மின்னினாலும் வாங்காதீர்கள்.