ஆலையாக இருந்த கலை மையத்துக்குப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூடிப்போன மின்நிலையத்தையும் சுரங்கத்தையும் ஆலையையும் சமகாலக் கலை மையமாக மாற்றுவது உலகமெங்கும் நடக்கிறது. அங்கே போகிறவர்களில் பலர் சாதாரண அருங்காட்சியகத்துக்குப் போகிற பழக்கத்திலேயே போகிறார்கள். தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கின்றன. இந்த இடங்களில் பார்க்க வேண்டியவை இரண்டு: உள்ளே இருக்கும் கலை, அதைத் தாங்கி நிற்கும் கட்டடம்.

முதல் தவறு, என்ன நடக்கிறது என்று பார்க்காமல் தேதியைக் குறிப்பது. லண்டன் டேட் மாடர்னை எடுத்துக்கொள்ளுங்கள். 1981-இல் ஓய்ந்துபோன பேங்க்சைடு மின்நிலையம், 2000-இல் கலை மையமாகத் திறந்தது. இயந்திரங்களை அகற்றிய டர்பைன் ஹாலில் பிரம்மாண்டமான புதுப் படைப்பு வைப்பது வழக்கம். ஆனால் அது பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் வந்து, அடுத்த வசந்த காலத்தோடு போய்விடும். இடைப்பட்ட மாதங்களில் போனால் வெறும் ஹால்தான் இருக்கும். அதுவும் அழகுதான், ஆனால் தெரிந்து போவது வேறு, ஏமாந்து நிற்பது வேறு. விடுமுறை நாளும் இடத்துக்கு இடம் மாறும். இத்தாலியின் மிலான் நகரில் இருக்கும் பிரெல்லி ஹாங்கர்பிகோக்கா கலை மையம் வியாழன் முதல் ஞாயிறு வரைதான் திறந்திருக்கும்.

வெளிச்சத்தைக் கணக்கில் எடுக்காதது இரண்டாவது தவறு. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. மின்விளக்கு பரவலாவதற்கு முன்பும் அதற்குப் பிறகு நெடுங்காலமும் ஆலைகளுக்குப் பகல் வெளிச்சம்தான் ஆதாரம். அதனால்தான் ரம்பப் பல் வடிவக் கூரை வந்தது. பூமியின் வட பாதியில் அதன் கண்ணாடிப் பக்கம் வடக்கைப் பார்த்து இருக்கும். நேரடி வெயில் உள்ளே இறங்காது, நிழல் விழாத சீரான ஒளி மட்டும் பரவும். நியூயார்க் மாநிலத்தின் டியா பீக்கன், 1929-இல் கட்டிய பிஸ்கட் பெட்டி அச்சிடும் ஆலை. அச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க உதவிய அதே ஒளியில்தான் இன்று ஓவியங்களைப் பார்க்கிறோம். அங்கே கூடங்களுக்கு ஏறக்குறைய முழுக்க இயற்கை வெளிச்சமே. குளிர்கால மாலையில் கடைசி நேரத்தில் நுழைந்தால் ஓவியங்கள் மங்கிப்போயிருக்கும். மேகம் கடக்கும்போது ஒரே வெள்ளை ஓவியம் சாம்பல் நிறத்துக்கு மாறித் திரும்புவதைப் பார்க்க வேண்டுமென்றால் பகலிலேயே போய்விடுங்கள், அவசரமில்லாமல்.

இருட்டான ஹால்களுக்கு இது நேரெதிர். ஹாங்கர்பிகோக்காவில் ஜெர்மன் கலைஞர் அன்செல்ம் கீஃபரின் ஏழு கான்கிரீட் கோபுரங்கள் நிற்கின்றன, ஒவ்வொன்றும் 14 முதல் 18 மீட்டர் உயரம். உள்ளே நுழைந்ததும் செல்போனை உயர்த்திப் படமெடுத்துவிட்டுத் திரும்பினால் கோபுரங்களின் உருவம் மட்டும்தான் கிடைக்கும். கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் கொடுத்தால்தான் இடையில் சொருகிய ஈயத் தகடுகளும் கான்கிரீட்டின் சொரசொரப்பும் தெரியவரும்.

சரி, உடை விஷயம். ஓவியங்கள் இருக்கும் அறைகளில் வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்பாட்டில் இருக்கும். இயந்திரங்களுக்காகக் கட்டிய பெரிய கூடத்தை அப்படிச் சூடாக்குவதோ குளிர்விப்பதோ கட்டுப்படியாகாது. அதனால் கழற்றிப் போட வசதியாக ஒரு மேலாடை வேண்டும். மேல் நடைபாதைகள் சில இடங்களில் இரும்புக் கம்பி வலையாகவே விட்டுவைக்கப்பட்டிருக்கும். குதிகால் செருப்பு அதில் மாட்டும், உயரத்துக்குப் பயப்படுகிறவர்களுக்குக் கீழே தரை அப்படியே தெரியும்.

தொடுவதில் இரண்டு வகைத் தவறு நடக்கிறது. துருப்பிடித்த பழைய இயந்திரம்தானே என்று கை வைப்பது ஒன்று. அது கலைப் படைப்பாகவே இருக்கலாம். மிச்சமிருக்கும் ஆலைச் சாமானாக இருந்தாலும் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. மற்றது, இணையத்தில் பார்த்த படத்தை நம்புவது. 2010-இல் சீனக் கலைஞர் அய் வெய்வெய் டர்பைன் ஹாலில் 10 கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். முதலில் அதன்மேல் நடக்கலாம், படுக்கலாம் என்றிருந்தது. சில நாட்களிலேயே பீங்கான் தூசி மூச்சுக்கு ஆகாது என்று தடுத்துவிட்டார்கள். மக்கள் விதைமேல் உட்கார்ந்திருக்கும் படங்கள் மட்டும் இன்னும் சுற்றுகின்றன. அன்றைக்கு வாசலில் இருக்கும் பலகை என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு.

கண் மட்டத்திலேயே பார்த்துக்கொண்டு நடப்பதும் நஷ்டம். டர்பைன் ஹாலின் தரையில் நீளமாக ஒரு தழும்பு ஓடும். 2007-இல் கொலம்பியக் கலைஞர் டோரிஸ் சல்செடோ தரையையே பிளந்து செய்த படைப்பை மூடிய தடம் அது. தெரியாதவர்கள் சாதாரண விரிசல் என்று மிதித்துப் போகிறார்கள். பெய்ஜிங்கின் 798 கலைப் பகுதியில் அண்ணாந்து பார்க்க வேண்டும். 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் உதவியோடு கட்டிய மின்னணுத் தொழிற்சாலை அது. மாவோ காலத்துச் சிவப்பு முழக்கங்கள் சில கூடங்களின் வளைந்த கூரையில் இன்னும் இருக்கின்றன.

இந்தக் கட்டடங்களின் செங்கல் சுவரைப் புகைப்படப் பின்னணியாக மட்டும் பார்ப்பது எனக்கு உறுத்தும் தவறு. மாசசூசெட்ஸின் நார்த் ஆடம்ஸ் என்ற சிறிய ஊரில் ஸ்ப்ரேக் எலெக்ட்ரிக் நிறுவனம் உச்சத்தில் 4,000 பேருக்கு மேல் வேலை கொடுத்தது. 1985-இல் அங்கிருந்த ஆலை மூடியது. 1999-இல் அதே வளாகம் மாஸ் மோகா என்ற கலை மையமாயிற்று. போனவை எத்தனை வேலை, வந்தவை எத்தனை என்ற கேள்வி அந்தக் கட்டடத்திலேயே இருக்கிறது. வரலாற்றுப் பகுதி இருந்தால் முதலில் அதற்குள் நுழைந்துவிட்டு அப்புறம் கலைக்கு வாருங்கள். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 1986-இல் மூடிய ஸோல்வெரைன் சுரங்கத்தில், நிலக்கரி பயணித்த பாதையை உள்ளே போய்ப் பார்க்க வழிகாட்டியோடுதான் முடியும். எந்த மொழியில், எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கும் ஆசை. ஸோல்வெரைன் வளாகம் மட்டும் சுமார் 100 ஹெக்டேர். தற்காலிகக் கண்காட்சியை முதலில் முடியுங்கள், நிரந்தரமானதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். மாஸ் மோகாவில் மூன்று தளங்களை நிறைக்கும் சோல் லெவிட்டின் சுவர் ஓவியங்கள் 2043 வரை இருக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள்.