கடல்புல் எடை நிக்காம ஏறுச்சு, சரிபண்ணது இப்படித்தான்

நான் அரசு பல்கலைக்கழகத்துல கடல்புல் பத்தி பிஎச்டி பண்றேன், சாம்பிள் எல்லாம் மண்டபம் வடகடல் ஓரத்துலதான். போன ஐப்பசில, 60 டிகிரி ஓவன்ல 48 மணி நேரம் காயவச்ச இலைய தராசுல வச்சா கண்ணு முன்னாடியே நம்பர் ஏறுது, 1.842, 1.847, 1.853 கிராம்ன்னு நிக்கவே இல்ல. தராசுதான் போச்சுன்னு மூணு நாள் அலைஞ்சேன், அழுகையே வந்துருச்சு, ஏன்னா வாடைக்காத்து ஆரம்பிச்சா கடல் கலங்கிடும், திரும்ப எடுக்க முடியாது.

சீனியர் அக்காதான் டெசிக்கேட்டர (காஞ்ச சாம்பிள ஈரம் படாம ஆறவைக்கிற மூடி போட்ட ஜாடி) தொறந்து பாத்தாங்க. ஈரம் இழுக்க உள்ள போட்டிருந்த, நீலமா இருக்கவேண்டிய சிலிக்கா ஜெல் மொத்தமும் ரோஸ். "தம்பி, இது ஈரம் குடிச்சு முடிச்சிருச்சுப்பா, அதான் இலையே ஈரத்த இழுத்து எடை ஏறுது." அத தனியா 120 டிகிரில மூணு மணி நேரம் வச்சோம், மறுபடி நீலமாச்சு (அதுல கோபால்ட் இருக்கு, வெறுங்கையால அள்ளாதீங்க).

இன்னொன்னு, உப்பு. நல்ல தண்ணில சரியா அலசலைன்னா கடக்கரை காத்துல அந்த உப்பே ஈரத்த இழுக்கும். இப்போ அலசி, காயவச்சு, டெசிக்கேட்டர்ல அரைமணி நேரம் ஆறவிட்டு, தராசுக் கதவ மூடி உடனே எடை எடுக்கறேன், ரெண்டு தடவ ஒரே எடை வந்தாதான் நோட்ல எழுதுவேன். பழைய சாம்பிள்ல நல்லா அலசுனதெல்லாம் திரும்ப காயவச்சதுல தப்பிச்சிருச்சு.