ஆட்சேர்ப்பு மென்பொருள்: மலையகத்தில் நாம் விடும் பிழைகள்

நுவரெலியாப் பக்கம் ஒரு ஹோட்டலின் மனிதவளப் பிரிவில் இருந்தபோது, ஆட்சேர்ப்பு மென்பொருள் வாங்கிய முதல் மாதமே நாங்கள் ஒரு கூத்துப் பண்ணினோம். வரவேற்புப் பிரிவுக்கு ஆள் கேட்டிருந்தோம். வந்த விண்ணப்பங்களில் பதினேழை, ஒரே ஆள் திரும்பத் திரும்ப அனுப்பியவை என்று மென்பொருள் ஒன்றாகச் சுருட்டி ஓரம் வைத்துவிட்டது. திறந்து பார்த்தால் பதினேழும் வேறு வேறு பிள்ளைகள். மின்னஞ்சல் முகவரி மட்டும் ஒன்று. டவுனில் இருக்கிற கொமியூனிகேஷன் கடைக்காரருடையது!

தோட்டத்துப் பிள்ளைகளிடம் போன் இருக்கும், வாட்ஸ்அப் இருக்கும். ஆனால் சுயவிபரக்கோவை அடிக்கவும் ஸ்கேன் பண்ணவும் அனுப்பவும் கொமியூனிகேஷனுக்குத்தான் போவார்கள். அதனால் ஆளை அடையாளம் காண மின்னஞ்சலை நம்பாதீர்கள். தேசிய அடையாள அட்டை இலக்கத்தை வையுங்கள்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2016 முதல் வரும் அட்டைகளில் 12 இலக்கம். பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும். வெளிநாட்டில் செய்த மென்பொருளில் அந்தக் கட்டத்தை 'எண் மட்டும்' என்று விட்டுவைத்தால், பழைய அட்டைக்காரர் படிவத்தை முடிக்கவே முடியாது. அவர் விண்ணப்பிக்க முயன்றதும் உங்களுக்குத் தெரியவராது. இன்னொன்று, அந்த இலக்கத்திலேயே பிறந்த ஆண்டும் நாளும் இருக்கின்றன. பெண்களுக்கு நாள் கணக்கோடு 500 கூட்டியிருக்கும். பெயரையும் படத்தையும் மறைத்துப் பாரபட்சமில்லாமல் தெரிவு செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, இந்த இலக்கத்தைத் திரையில் விட்டுவைத்தால் எதை மறைத்தோம்? அது கணினி ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் இருக்கட்டும்.

பெயருக்கு வருவோம். 'குடும்பப் பெயர்' கட்டாயம் என்று படிவம் கேட்கும். நம்மவர்களுக்கு ஏது குடும்பப் பெயர்? ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், இன்னொருவர் தன் பெயரையே இரண்டு தடவை போடுவார். செல்வராஜ் பிறப்புச் சான்றிதழில் செல்வராஜா ஆகியிருப்பார். ஆங்கிலத்தில் எழுதும்போது அதற்கும் நாலு விதம். இதை அப்படியே சம்பளப் பட்டியலுக்கு அனுப்பினால், ஊழியர் சேமலாப நிதிக் கணக்கிலும் அந்தப் பிழை ஏறிவிடும். வேலையை விட்டு நின்று பணம் எடுக்கப் போகும்போது, சத்தியக் கடதாசிக்கு அலைகிறவர் அந்த ஊழியர்தான். முழுப்பெயர் என்று ஒரே கட்டம் வையுங்கள், அட்டையில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

எழுத்துருவை யாரும் யோசிப்பதில்லை. கொமியூனிகேஷன்களில் இன்னமும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்கிறார்கள். அது, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் முறை இல்லை. திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது வெறும் ஆங்கில எழுத்துகள். மென்பொருள் வாசிக்கும்போது கிடைப்பது உளறல். தமிழ்மொழித் தேர்ச்சி கேட்ட வேலைக்கு, தமிழில் அழகாக எழுதியவரே பூச்சியம் வாங்குவார்.

இதையெல்லாம் விடப் பெரிய தவறு வடிகட்டிகளை, அதாவது மென்பொருள் தானாக ஆட்களைக் கழிக்கும் நிபந்தனைகளை, இறுக்குவது. 2021இல் ஹார்வர்ட் வணிகக் கல்லூரியும் அக்சென்ச்சர் நிறுவனமும் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தகுதியுள்ளவர்களும் நிபந்தனைகளுக்கு அச்சொட்டாகப் பொருந்தாததால் கழிக்கப்படுகிறார்கள் என்று 88 சதவீத முதலாளிமார் ஒப்புக்கொண்டார்கள். அங்கே அடிக்கடி வரும் வடிகட்டி, ஆறு மாதத்துக்கு மேல் வேலையில் இடைவெளி இருந்தால் தள்ளு என்பது. அதை இங்கே போட்டுப் பாருங்கள். மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்துவிட்டு வந்து, அதை ஒரு வேலையென்று எழுதக் கூச்சப்படும் எத்தனை பெண்கள் அடிபட்டுப் போவார்கள்! சமையலும் சுத்தமும் அரபியும் தெரிந்தவர்கள். ஹோட்டலுக்கு வேறென்ன வேண்டும்?

தூர வடிகட்டியும் அப்படித்தான். வரைபடத்தில் நேர்கோட்டில் ஐந்து கிலோமீட்டர் என்றால் மலையில் அதற்கு அர்த்தமே இல்லை. தெமோதரையில் ரயிலே ஒரு சுற்றுச் சுற்றி, தான் நின்ற ஸ்டேஷனுக்கு அடியால் போகிறது. பஸ் மட்டும் நேராகவா போகும்? 'எந்த பஸ்ஸில், எத்தனை மணிக்கு வந்து சேர்வீர்கள்?' என்று ஒரு கேள்வி போதும்.

பழைய ஊழியர்களைக் காட்டி மென்பொருளைப் பழக்குவதும் ஆபத்து. அமேசான் அப்படிப் பத்தாண்டு விண்ணப்பங்களைக் கொடுத்துப் பழக்கிய ஒரு கருவி, பெண்கள் என்ற சொல் வந்த விண்ணப்பங்களுக்குப் புள்ளி குறைத்தது. திருத்தப் பார்த்து, கடைசியில் கைவிட்டார்கள். 2018இல் செய்தி வெளியே வந்தது. உங்கள் ஹோட்டலில் இத்தனை வருடமும் பரிமாறியவர்கள் ஆண்கள் என்றால், மென்பொருள் கற்றுக்கொள்வதும் அதைத்தான்.

இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், முழுக்க இயந்திரம் எடுத்த முடிவை மீளாய்வு செய்யக் கேட்கும் உரிமைக்கு இடம் வகுத்திருக்கிறது. ஆகவே கழித்ததைத் திரும்பப் பார்க்க ஒரு மனிதர் இருக்க வேண்டும். நாங்கள் வெள்ளிக்கிழமைகளில் தேநீரோடு உட்கார்ந்து, கழிபட்டவற்றில் இருபதைக் கண்ணை மூடி எடுத்து வாசிப்போம். ஏன் போனது என்று எங்களுக்கே சொல்லத் தெரியாத ஒன்று இரண்டாவது அதில் இருக்கும். அந்த வடிகட்டியைத் திங்கட்கிழமை தளர்த்திவிடுவோம்.

அப்புறம், நேர்முகத்துக்கு நேரம் குறிக்கும் வேலையை மென்பொருளிடம் முழுக்க விடாதீர்கள். காலை எட்டு மணி என்று அது ஒருதரம் மஸ்கெலியாப் பிள்ளைக்கு மின்னஞ்சல் அனுப்பியது. அதுவும் கொமியூனிகேஷன் கடைக்காரருக்குத்தான் போனது.