கொடிநாளுக்குக் காசோலை, பொங்கலுக்குக் கடலைமிட்டாய்

டிசம்பர் 7 கொடிநாள். காயம்பட்ட வீரர்களுக்கும் உயிர்நீத்தவர் குடும்பங்களுக்கும் போகிற நிதி இது. உண்டியலில் சில்லறை போட்டதோடு நிறுத்தாமல், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பணம் கொடுத்து ரசீது வாங்குங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக்கழிவு கிடையாது. காசோலையோ வங்கிப் பரிமாற்றமோதான். புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு எப்படியும் கழிவு இல்லை.

எல்லையில் இருப்பவருக்குப் பொங்கல் பலகாரம் அனுப்பினால் நம்மூர் அல்வா வேண்டாமே! நெய் கசிந்து அட்டைப்பெட்டி ஊறும், முகவரி அழியும். கோவில்பட்டி கடலைமிட்டாய் நல்லது. காற்றுப்புகாத உறையிலிட்டு, இடைவெளியெல்லாம் செய்தித்தாளைத் திணியுங்கள். பெட்டி குலுங்கினால் தூள்தான் போய்ச்சேரும்.

முகவரியை ஆங்கிலத்தில் எழுதுங்கள்: படை எண், பதவி, பெயர், யூனிட், 56 அல்லது 99 ஏபிஓ (ராணுவத் தபால் நிலையம்), 9-ல் தொடங்கும் பின்கோடு. ஊர்ப்பெயர் எழுதக்கூடாது. தனியார் கூரியர் ஏபிஓ-வுக்குப் போகாது, தபால் நிலையந்தான். பனிக்காலத்தில் மலைப்பாதை அடைபடும், அதனால் மார்கழி பிறந்ததும் அனுப்பிவிடுங்கள். அனுப்புநர் முகவரியை பெட்டிக்குள்ளேயும் ஒரு துண்டுச்சீட்டில் வையுங்கள்.