கை எக்ஸிமாவும் பேட்ச் டெஸ்ட்டும்: என் அனுபவம்

கையில் எக்ஸிமா (தோல் சிவந்து அரிக்கும் அழற்சி) என்றால் வீட்டில் முதலில் தடை விழுவது சாப்பாட்டில்தான். கத்தரிக்காயும் கருவாடும் நின்றும் என் விரல் இடுக்கு வெடிப்புகள் ஆறவில்லை. ஓர் ஆய்வகத்தில், ஒவ்வாமையோடு தொடர்புடைய ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை எடுத்தேன். கோதுமை, நிலக்கடலை என்று நீண்ட பட்டியல் வந்தது. தோல் மருத்துவர், "இவற்றைச் சாப்பிட்டு உங்களுக்கு ஏதாவது ஆகியிருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். ஒருநாளும் இல்லை. எக்ஸிமா உள்ள பலருக்கு ஐஜிஇ உயர்ந்தே இருக்கும். எண் ஏறியிருப்பது மட்டுமே ஒவ்வாமை ஆகாது. இந்த விளக்கத்தை அறிக்கையிலேயே அச்சிட்டால் எத்தனை குழந்தைகளின் தட்டு காலியாகாமல் இருக்கும்!

தொடும் பொருளால் வரும் எக்ஸிமாவுக்கு எது காரணம் என்று கண்டறிய, தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட்தான் வழி. நிக்கல், குரோமியம், வாசனைக் கலவை, ரப்பர் வேதிப்பொருள்கள் எல்லாவற்றையும் சிறு கிண்ணங்களில் வைத்து முதுகில் ஒட்டினார்கள். 48 மணி நேரம் முதுகு நனையக் கூடாது. வெயில் காலத்தில் பெரும்பாடு. பிரித்ததும் ஒருமுறை, ஓரிரு நாள் கழித்து மறுமுறை பார்ப்பார்கள். இரண்டாவதைத் தவறவே விடாதீர்கள். முதலில் மங்கலாக இருந்த தையுரம் என்ற வேதிப்பொருள் வைத்த இடம் அன்றுதான் தடித்துச் சிவந்து, ஊசிமுனைக் கொப்புளங்களோடு நின்றது.

தையுரம், ரப்பர் கையுறைத் தயாரிப்பில் சேர்க்கப்படுவது. பாத்திரம் கழுவும் கையுறையை வினைலுக்கு மாற்றினேன். உள்ளே பருத்தி உறை, கழுவியதும் வாசனையில்லாத களிம்பு. வெடிப்புகள் மெல்ல மூடிவிட்டன.

பரிசோதனைக்குப் போகும்போது நீங்கள் பயன்படுத்தும் கையுறை, சோப்பு, களிம்பு எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுவதாக இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். அது முடிவை மறைத்துவிடலாம்.